மீற்றருக்கு இப்பால்

வீட்டுச் சுவரிலே மின்மானி பொருத்தப்பட்டிருக்கும் இடம் ஓர் எல்லைக்கோடாகும். அதற்கு அப்பாலுள்ள கம்பமும் கம்பியும் மின்மாற்றியும் மின்விநியோகம் செய்வோர்க்கு உரியவை. அவற்றைப் பேணுவதற்குப் பொறியியலாளர் உளர், தொழிலாளர் உளர், சட்டமும் உண்டு. அதற்கு இப்பாலுள்ளவை வீட்டுக்காரருக்கு உரியவை. அவற்றைப் பேணுவதற்கு எவரும் இலர். மாதந்தோறும் மீற்றர் வாசிப்பவர் வந்து எண்களைக் குறித்துக்கொண்டு போகிறார். நாம் எவ்வளவு செலவிட்டோம் என்பதே அவருக்கு வேண்டியது. மானிக்கு ஒரு முழம் தள்ளிக் கருகி நிற்கும் உருகிப் பலகையைப் பார்ப்பது அவர் கடமையன்று. அதற்காக அவரைக் குறை கூறுவதும் நியாயமாகாது.

இதனை வேறொன்றோடு ஒப்பிட்டு நோக்குவோம். டெங்கு நுளம்பைத் தேடிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எமது வளவுக்குள் வருகிறார். பூச்சாடியைக் கவிழ்த்துப் பார்க்கிறார்; கூரைப் பீலியை எட்டிப் பார்க்கிறார்; குடம்பியைக் கண்டால் வழக்கும் தொடுக்கிறார். இதை எவரும் அத்துமீறலென்று கருதுவதில்லை. ஒரு வீட்டு நுளம்பு அயல்வீட்டுப் பிள்ளையைக் கடிக்கும் என்பதை நாடு கற்றுக்கொண்டுவிட்டது. ஆயின், ஒரு வீட்டிலே பற்றும் தீயும் அயல்வீட்டுக்குப் போகும் என்பது தெரிந்திருந்தும், மின்சாரத்தைப் பொறுத்தவரை எமது வீடு இன்னமும் தனியார் சொத்தாகவே நின்றுகொண்டிருக்கிறது. நாம் இக்கட்டுரைக்காகச் சென்று பார்த்த பழைய வீடுகள் எதிலும், இணைப்புக் கொடுத்த நாளுக்குப் பின்னர் ஒருவர் வந்து கம்பிகளைச் சோதித்ததாக வீட்டார் சொல்லவில்லை.

நாம் வாடகைக்குக் குடியிருப்பது வலிகாமத்திலே ஒரு பழைய கல்வீடு. மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு திரும்பிய ஒருவர் 1950களின் பிற்பகுதியில் அதைக் கட்டினார். அக்காலத்து மத்தியதர வர்க்கத்தின் பெருமிதம் அவ்வீட்டின் தூண்களிலே தெரியும். விறாந்தையின் உட்சுவரிலே மாட்டியிருக்கும் மின்பலகையிலும் தெரியும். தேக்கம் பலகை, அதன்மேல் கறுத்த இரும்புப் பெட்டிக்குள் ஒரு மெயின் சுவிச், அதன் கைபிடியைக் கீழே இழுக்கும்போது எழும் ஓசை அடுத்த வீட்டுக்கும் கேட்கும். பக்கத்தில் வெண்ணிறப் பீங்கான் உருகிகள் இரண்டு வரிசை. இரும்பு மூடியிலே இங்கிலாந்திற் செய்யப்பட்டதென்ற எழுத்து வார்க்கப்பட்டிருக்கிறது. பார்வைக்கு உறுதியான சாமான். இன்று கடையில் விற்கும் பிளாத்திக்குப் பெட்டிகளைக் காட்டிலும் கம்பீரமானது. பழைய மின்சாதனங்கள் மனிதரை ஏமாற்றுவது இந்தக் கம்பீரத்தினாலேயே. இரும்பும் பீங்கானும் நூறாண்டு நிற்கும். அவற்றுக்கிடையே ஓடும் கம்பியின் மேலுறை நிற்பதில்லை.

அக்காலத்துக் கம்பிகளுக்கு உறையாக அமைந்தது கந்தகமூட்டிய றபர். கந்தகம் செம்பைத் தின்னுமாதலால் செம்பின்மேல் வெள்ளீயம் பூசினர். றபரின்மேல் பஞ்சுநூல் பின்னினர். மரச்சட்டங்களின்மேல் வரிசையாக அறைந்தனர். ஆசியாவிலேயே முதன்முதலாக றபர் மரம் வேரூன்றியது எமது நாட்டின் ஹெனரத்கொடையில், 1876ஆம் ஆண்டில். இங்குள்ள தொழிலாளி வெட்டிய பால் கப்பலேறிச் சீமைக்குப் போய்க் கம்பியுறையாக மாறித் திரும்பி வந்து பென்சனியர் வீட்டு விறாந்தையில் ஒளி தந்தது. பால் வெட்டியவன் வீட்டிலே போத்தல் விளக்கு. இது நிற்க.

றபர் முப்பது ஆண்டளவில் தன் நெகிழ்ச்சியை இழக்கத் தொடங்குகிறது. வெப்பம் அதனை விரைவுபடுத்தும். மின்குமிழுக்கு மேலே, கூரையை ஒட்டிய இடத்தில் அது முதலிற் சாகிறது. எமது வேண்டுகோளின்பேரில் பலகையைப் பார்க்க வந்த வயறிங் தொழிலாளர் ஒருவர், அறுபதைத் தாண்டியவர், மண்டபத்து மின்குமிழ்த் தாங்கியை மெதுவாகக் கழற்றி உள்ளே கைவிளக்கைப் பிடித்துக் காட்டினார். "மாஸ்ரர், இதை வளைச்சுப் பார்க்கக் கூடாது. வளைச்சால் உதிர்ந்து போம். சும்மா விட்டால் இன்னும் பத்து வருசம் கிடக்கும், தொட்டால் இண்டைக்கே முடிஞ்சுது" என்றார். தாங்கியின் அடியிலே கறுப்புத் தூளாக உதிர்ந்து கிடந்தது, ஒருகாலத்தில் உறையாக இருந்த பொருள். செம்பு வெறுமனே நின்றது.

யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1990இல் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பிள்ளைகள் ஜாம்போத்தலுக்குள் சிறு திரியிட்டுப் படித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். அந்த ஆண்டுகளிலே கம்பிகளும் சும்மா இருக்கவில்லை. ஓடு உடைந்த கூரைகளினூடாக மழை அவற்றின்மேல் விழுந்தது. எலியும் அணிலும் கடித்தன. இடம்பெயர்ந்து போனவர்களின் வீடுகளிற் பல முற்றாகவே பறிகொடுத்தன. மற்றவை அரைகுறையாய்த் தப்பின. பின்னர் மின்சாரம் மீண்டபோது மக்கள் அடைந்த மகிழ்ச்சி சொல்லுந்தரமன்று. அந்த மகிழ்ச்சியிலே தப்பிக் கிடந்த கம்பியைச் சோதித்துப் பார்க்க எவருக்குத் தோன்றும்? கையிற் பணமும் இல்லை. கிடைத்ததோடு கிடைத்ததை முறுக்கி, நாடா சுற்றி, விளக்கேற்றினார்கள். எமது வீட்டிலே இன்று மூன்று தலைமுறைக் கம்பிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன: பென்சனியரின் றபர்க் கம்பி, பின்வந்த பீவீசிக் கம்பி, மின்சாரம் மீண்ட காலத்தில் அவசரத்துக்கு இழுத்த மெல்லிய இரட்டைக் கம்பி. வீட்டின் வரலாற்றை எழுத விரும்புவோர் கூரைக்குள் ஏறினாற் போதும்.

அன்று அவ்வீட்டின் மின்தேவை ஐந்தாறு குமிழ்களும் ஒரு வானொலிப் பெட்டியும். எல்லாம் சேர்ந்தும் இரண்டு அம்பியரைத் தாண்டாது. அதற்கேற்ப 5 அம்பியர் உருகி வைத்தார்கள். இன்று அதே சுற்றிலே ஓர் இரட்டைமுள் பொருத்தியின் துணையோடு 2000 வாற்றுக் கேத்தல் தொங்குகிறது. 230 வோல்ற்றிலே அது 8.7 அம்பியரை இழுக்கும். மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வெப்பம் பெருகும் என்பதை எமது மாணாக்கர் மனனம் செய்து எழுதுகின்றனர். அவ்விதியின்படி கம்பி தாங்கவேண்டிய வெப்பம் மூன்று மடங்காகிறது. உருகி தடுக்குமே எனலாம். தடுக்காது. கம்பியிட்டுக் கட்டும் பழைய வகை உருகி, தன் பெயரளவைப் போல் இருமடங்கு ஓட்டத்திலேதான் சரியாக உருகும். 5 அம்பியர் உருகிக்கு ஏறத்தாழ 10 அம்பியர் வேண்டும். ஆகவே கேத்தல் கொதிக்கும்வரை உருகி வாய்மூடி இருக்கிறது. கூரைக்குள் றபர் வெந்துகொண்டிருக்கிறது. அதனோடு 1000 வாற்று மின்னழுத்தியையும் சேர்த்தால் 13 அம்பியராகும். வெப்பம் ஏறத்தாழ ஏழு மடங்கு. இப்போது உருகி தன் கடமையைச் செய்து உருகுகிறது. வீட்டிலே இருள். "உந்த மெல்லிசு வயர் நெடுக எரியுது" என்று ஒருவர் தடித்த கம்பியைச் சுற்றுகிறார். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றுவோரும் உண்டு. அன்றோடு அந்தச் சுற்றிலே மிகப் பலவீனமான இடம் உருகி என்ற நிலை மாறிக் கூரைக்குள்ளிருக்கும் கம்பி என்றாகிறது. உருகியின் தத்துவமே தலைகீழாகிவிடுகிறது.

எமது பலகையிலே உருகிகள் இரண்டு வரிசை என்று மேலே குறிப்பிட்டோம். உயிர்க்கம்பிக்கு ஒன்று, நொதுமற் கம்பிக்கு ஒன்று. பழைய காலத்தில் இதனை இரட்டைப் பாதுகாப்பு என எண்ணினர். உண்மையில் இது ஒரு பொறி. நொதுமற் கம்பியின் உருகி மட்டும் எரிந்துபோனால் விளக்கு அணைந்துவிடும். ஆனால் விளக்கின் தாங்கிவரை 230 வோல்ற்று வந்து காத்துக்கொண்டிருக்கும். கரண்ட் இல்லையென்று கதிரையின்மேல் ஏறிக் கைவைப்பவன் கதி என்ன? இரண்டு வரிசை உருகிகளைக் காண்போர், வேறெதையும் ஆராயாமலே, அந்தப் பலகை மாற்றப்படவேண்டியதென்று தீர்மானிக்கலாம். அத்தகைய பழைய உருகித் தாங்கிகள் சிலவற்றின் உள்ளே வெண்மையான நார்த்துண்டு ஒன்று இருக்கும், அது அஸ்பெஸ்ரஸ். தூசி தட்டுகிறோமென்று அதைச் சுரண்டுதல் ஆகாது.

தொழிலாளர் மெயின் சுவிச்சை இழுத்து, குமிழ்களையும் கருவிகளையும் கழற்றிவிட்டு, 500 வோல்ற்றை உண்டாக்கும் மெகர் என்னும் கருவியை இணைத்தார். காவலியின் தடை குறைந்தது ஒரு மெகாவோம் இருத்தல் வேண்டும். மண்டபத்துக் கம்பி கால் மெகாவோமைக் காட்டிற்று. சமையலறைக் கம்பிக்கும் புவிக்குமிடையே வைத்தபோது முள் சுழியை ஒட்டியே கிடந்தது. அந்தச் சமையலறையிலே நாள்தோறும் ஈரக்கையோடு ஆளியைப் போடுகிறவர்கள் பெண்கள். வயறிங் பற்றிய பேச்சு நிகழும்போது விறாந்தையில் ஆண்கள் கூடுவார்கள்; அவர்கள் அங்கே அழைக்கப்படுவதில்லை. எமது வீட்டிலே பலமாதங்களாக மாலையில் ஒரு மீன்வாடை வந்துகொண்டிருந்ததை முதலிற் கவனித்துச் சொன்னவர் பெண்ணொருவரே. மீன் சமைக்காத வெள்ளிக்கிழமையிலும் அது வந்தது. பழைய செருகிப்பொறிகளின் பிளாத்திக்கு அளவுமீறிச் சூடாகும்போது எழும் வாடை அது. தொழிலாளர் அந்தச் செருகிப்பொறியைக் கழற்றியபோது பின்புறம் கபிலநிறமாகக் கருகியிருந்தது.

அடுத்து அவர் கிணற்றடிக்குப் போனார். புவித்தொடுப்புக்காக அங்கே ஓர் இரும்புக் குழாய் இறக்கப்பட்டிருக்கிறது. பச்சைக் களிம்பேறிய செம்புக் கம்பி அதனோடு ஒட்டியும் ஒட்டாமலும் தொங்குகிறது. சுண்ணக்கல் நிலம், மேலே ஓரடி செம்மண். மாரியிலே ஒரு தடை, பங்குனி வெயிலிலே வேறொரு தடை. அவர் அளந்தபோது ஏறத்தாழ 50 ஓம் வந்தது. விஞ்ஞான ஆசிரியர்கள் இதை வகுப்பிலே ஒரு கணக்காகக் கொடுக்கலாம். குளிர்சாதனப் பெட்டிக்குள் உயிர்க்கம்பி அறுந்து அதன் உலோக உடலைத் தொட்டுவிட்டதென்று கொள்க. 230ஐ 50ஆல் வகுத்தால் 4.6 அம்பியர் புவிக்குள் ஓடும். 15 அம்பியர் உருகிக்கு இது பொருட்டேயன்று. அது உருகாது, பெட்டியின் உடல் கிட்டத்தட்ட முழு மின்னழுத்தத்தோடும் நின்றுகொண்டிருக்கும், பால் எடுக்க வரும் பிள்ளைக்காகக் காத்திருக்கும். புவிக்கம்பி இருக்கிறதே என்ற நம்பிக்கை எவ்வளவு பொய்யானது என்பதை இந்த ஒரு வகுத்தல் காட்டிவிடும்.

இத்தகைய நிலத்திலே மனிதரைக் காக்கவல்லது ட்ரிப் சுவிச் ஒன்றே. போகும் ஓட்டத்தையும் திரும்பும் ஓட்டத்தையும் அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டுக்குமிடையே 30 மில்லியம்பியர் வேறுபாடு வந்தால், எங்கோ ஒழுக்கு உண்டென்று அறிந்து, ஒரு விநாடியின் மூன்றிலொரு பங்குக்குள் சுற்றை உடைத்துவிடும். ஒரு 40 வாற்றுக் குமிழை எரிப்பதற்கு இதைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்கு ஓட்டம் வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால், மனித இதயத்தை நிறுத்த எவ்வளவு சிறிய மின்சாரம் போதுமென்பது புலனாகும். அதற்கும் எல்லை உண்டு. ஒருவன் ஒரு கையில் உயிர்க்கம்பியையும் மறுகையில் நொதுமலையும் பிடித்துக்கொண்டால் அது அவனைக் குமிழென்றே கருதும். அதன் முகத்திலுள்ள சோதனைப் பொத்தானை இடையிடையே அழுத்திப் பார்த்தல் அவசியம். பல ஆண்டு அசையாமலிருந்த பொறி ஒட்டிக்கொள்ளும். பொத்தானை அழுத்தியதும் விழுந்தால் பொறி இயங்குகிறதென்று பொருள். கிணற்றடிக் குழாய் நல்லதென்று பொருளாகாது.

பழைய வீடொன்றிலே ட்ரிப் சுவிச்சைப் பூட்டியதும் என்ன நிகழ்கிறது? விழுகிறது. தூக்கிவிட்டால் மறுபடியும் விழுகிறது. எங்கெங்கோ ஒழுகிக்கொண்டிருந்த ஓட்டத்தை அது உள்ளபடி அறிவிக்கிறது. வீட்டார் சினங்கொண்டு, "சுவிச் பிழை" என்று சொல்லி, அதைத் தவிர்த்து நேரே கம்பியைக் கொடுத்துவிடுகின்றனர். உண்மை சொன்னவனை வேலையிலிருந்து நீக்குவது வீடுகளிலும் நடக்கிறது.

எமது வீட்டின் உரிமையாளர் இலண்டனில் இருக்கிறார். அவருடைய தமக்கையார் அடுத்த வளவில் இருந்து வாடகையைப் பெற்றுக்கொள்கிறார். நல்ல மனம் படைத்தவர். தொழிலாளர் சொன்னவற்றையெல்லாம் அவரிடம் எடுத்துரைத்தோம். "தம்பி, அறுபது வருசத்துக்கு மேலாய் ஒண்டும் நடக்கேல்லை. இப்ப என்ன நடக்கப்போகுது?" என்று கேட்டார். அந்த அறுபது ஆண்டில் கணிசமான காலம் கம்பியிலே மின்சாரமே ஓடவில்லை என்பதையும், ஓடிய காலத்திலும் கேத்தல் இருக்கவில்லை என்பதையும் சொன்னோம். சிரித்தார். சென்ற ஆண்டு இலண்டனிலிருந்து வீட்டுக்கென வந்த பணம் முன்சுவருக்கு வர்ணம் பூசுவதில் முடிந்திருந்தது. வர்ணம் தெருவிலிருந்து தெரியும்; கம்பி தெரியாது.

குடியிருப்பவனுக்குக் கம்பியில் கைவைக்க உரிமையில்லை. கைவைத்து ஏதும் நேர்ந்தால் பழியும் அவன்மேலேதான். உரிமையாளனுக்கு உரிமை உண்டு. ஆபத்து இல்லை, ஏனெனில் அவன் அங்கே உறங்குவதில்லை. உரிமையும் ஆபத்தும் இவ்வாறு இருவேறு மனிதரிடம் பிரிந்து கிடக்கும்வரை பழைய கம்பி கூரைக்குள்ளேயே இருக்கும். பல்கலைக்கழகத்தைச் சூழவுள்ள தெருக்களிலே மாணவர் தங்கும் அறைகளைப் போய்ப் பார்த்தோம். ஒருகாலத்தில் ஒரு குடும்பம் இருந்த வீடு பலகைத் தட்டிகளால் எட்டு அறைகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு விசிறி, ஒரு கேத்தல், ஒரு கணினி. மின்பலகையோ அந்த ஒரு குடும்பத்துக்காக வைத்ததே. மின்னியலிலே நாம் கற்பிக்கும் விதிகளைப் பரீட்சையில் எழுதிச் சித்தியடைந்த பிள்ளைகள், அவ்விதிகள் மீறப்படும் அறையிலே வாடகை கொடுத்துப் படுக்கிறார்கள். வாய் திறந்தால் அறை போய்விடும்.

இந்தப் பிரிவினையின் முழு உருவத்தைக் காண மலையகத்துக்குப் போகவேண்டும். ஆசிரியர் கலாசாலையில் எம்மோடு பயின்ற நண்பர் ஒருவர் அங்கே தோட்டப் பாடசாலையொன்றிற் கற்பிக்கிறார். எமது வீட்டுச் செய்தியை எழுதியிருந்தோம். அவருடைய மறுமடல் எம்மை வெட்கமடையச் செய்தது. லயன் வரிசையிலே ஒரே தகரக்கூரையின் கீழ் பல குடும்பங்கள். இடையே கூரைவரை எட்டாத சுவர்கள். அடுப்புப் புகையிற் பல்லாண்டு காய்ந்த மரங்கள். அவற்றின்மீது படர்ந்த கம்பிகள். ஓர் அறையிலே பற்றிய தீ ஒருவரது தீயாக நிற்பதில்லை. வரிசை முழுவதையும் உண்கிறது. மறுநாட் பத்திரிகையிலே "மின்னொழுக்கே காரணமெனச் சந்தேகிக்கப்படுகிறது" என்று ஒரு வரி வருகிறது. மின்னொழுக்கு என்பது இடிமின்னலைப்போல் வானத்திலிருந்து விழுவதன்று. ஒழுகும் கம்பிக்கு வயது உண்டு, அதைப் போட்டவர் உண்டு, அதைப் பாராது விட்டவரும் உண்டு. அந்த ஒற்றைவரி அத்தனைபேரையும் விடுதலை செய்துவிடுகிறது.

நாட்டின் ஒளி அந்த மலைகளிலிருந்தே பிறந்தது. நீர்வலுவினால் மின்சாரம் ஆக்கலாமென்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலே எடுத்துரைத்தார். லக்ஷபான நிலையம் 1950இலே இயங்கத் தொடங்கிற்று. 1960களில் காசல்ரீயும் மவுசாகலையும் நீர்த்தேக்கங்களாயின. மஸ்கெலியாவின் பழைய பட்டினம் நீருக்குள் அமிழ்ந்தது. கோடையில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் கட்டடம் தலைகாட்டும். தேயிலைச் செடியையும் கோயிலையும் நீருக்குக் கொடுத்தவர்களின் லயன்களிலே அதன்பின்னும் நெடுங்காலம் போத்தல் விளக்கே எரிந்தது. இறுதியாக மின்சாரம் வந்தபோது, வீடு யாருடையது, நிலம் யாருடையது என்ற கேள்விக்கு விடை வரவில்லை. விடை வராத வீட்டிலே கம்பியை மாற்றுவது யார்? தோட்ட நிர்வாகத்திடம் போனால் விநியோகஞ் செய்வோரைக் காட்டுவர். அவர்களிடம் போனால் மீற்றரைக் காட்டுவர் என்று நண்பர் எழுதுகிறார்.

எமது ஊர்ச் சனசமூக நிலையத்தின் பொதுக்கூட்டத்தில் நாம் ஒரு பிரேரணை கொண்டுசென்றோம். நிலையத்தின் செலவில் ஒரு மெகரும் புவித்தடை அளக்கும் கருவியும் வாங்குவது. தகுதிபெற்ற தொழிலாளர் ஒருவருக்குக் கூலி கொடுத்து ஆண்டுக்கொருமுறை வீடுவீடாகச் சோதித்து முடிவை எழுத்திற் கொடுப்பது. வாடகை வீடுகளிலிருந்து தொடங்குவது. மின்மானியின் முத்திரையையும் அதற்கு முன்னுள்ள உருகியையும் எவரும் தொடுவதில்லை என்பதையும் சேர்த்தோம். மெயின் சுவிச்சை இழுத்தாலும் அவ்விடம் உயிரோடுதான் இருக்கும். பிறர் வீட்டுக்குள் நுழைய எமக்கென்ன அதிகாரம் என்று ஒருவர் எழுந்து கேட்டார். நுளம்புப் பரிசோதகரைச் சுட்டினோம். அவர் அரசாங்கம், நீங்கள் யார் என்றார். அக்கேள்வியில் நியாயம் உண்டு. அதனாலேயே பிரேரணையின் ஒரு பிரதியைப் பிரதேச சபைக்கும் அனுப்புவதெனத் தீர்மானமாயிற்று.

இலண்டனிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. சமையலறைக் கம்பியை மாற்றவும் ட்ரிப் சுவிச் பூட்டவும் பணம் வரும். மண்டபத்துக்கு அடுத்த ஆண்டு பார்க்கலாமாம். மண்டபத்துக் குமிழை நாம் இப்போது ஏற்றுவதில்லை. வயறிங் தொழிலாளர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.